செவலையின் நாலாவது காம்பு

ஓரிக்கையில் என் டீக்கடைக்குப் பால் ஊற்றுகிறவர் பட்டம்மாள் அக்கா. பாலில் தண்ணீர் கலக்க மாட்டார். பேச்சிலும் கலக்க மாட்டார். அவரைப் பேசி ஜெயித்தவன் ஊரில் கிடையாது. புருஷன் முனுசாமியைக் கேட்டால் சொல்வான்.

செங்கல் அறுத்துச் சேர்த்த காசில் வாங்கியது அவருடைய முதல் மாடு. அதற்கு மடிநோய் வந்தது. வீக்கம் வடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். சாகாமல் கிடந்த கிருமி திரும்பக் கிளம்பி, ஒரு காம்பு கல்லாகிப் போனது. கடைசியில் மாடே கறிக்குப் போனது.

இந்த ஆவணியில் இப்போது வைத்திருக்கும் மாடு செவலைக்கும் அதே நோய். கன்று முட்டினால் உதைத்தது. பின்பக்கத்துக் காம்பில் பீய்ச்சினால், தறியடியில் கிடக்கும் நூல் கழிவு மாதிரி பால் திரிதிரியாக வந்தது. அக்கா அந்தப் பாலை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் பிரியதர்ஷினி வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். பாலையும் சோதனைக்கு அனுப்பினார். இந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார். கூடவே இன்னொரு ஊசி.

"இது எதுக்குமா?" என்றார் அக்கா.

"கிருமிய அழிக்க உடம்பே நெருப்பு மாதிரி ஒண்ண உண்டாக்குதுமா. ஃப்ரீ ராடிக்கல்னு பேரு. அளவு மீறினா மடியையே சுட்டுடும். அத அடக்கத்தான் இந்த வைட்டமின் ஊசி."

"குப்பையக் கொளுத்தனா வேலியும் பத்திக்குது. அதானமா?"

"அதேதான். ஆனா கிருமியக் கொல்றது இப்ப மாத்தின மருந்துதான். பாதியில நிறுத்தக் கூடாது."

மருந்து முடிந்து, அது பாலிலிருந்து நீங்க டாக்டர் சொன்ன கெடுவும் தீரும் வரை பால் கிடையாது. வினை என் கடைக்கு வந்தது. நடுவிலேயே வீக்கம் வடிந்துவிட்டது. முனுசாமி என் கடையில் உட்கார்ந்து புலம்பினான்.

"மாடு நல்லாத்தான் இருக்குது. இவ இன்னும் ஊசி ஊசின்னு, பாலெல்லாம் குழியில ஊத்திக்கினு இருக்கா."

அவனையும் கூட்டிக்கொண்டு, கேனோடு நேரே வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, என் கடையில பாலு கொதிச்சிக்கினேதான் இருக்குது. எந்த மருந்து அதுல தாங்கும்?"

"கொதிச்சா கிருமி சாவும்பா, மருந்து சாவாது. டாக்டரம்மாவ கேட்டாச்சி."

"டீயில நாலு சொட்டு. என்னா ஆயிடப் போவுது?"

"தெனம் நாலு சொட்டு குடிச்சிக் குடிச்சி, நாளைக்கு டீ குடிச்சவனுக்கு நோவு வந்தா மருந்து கேக்காம பூடும். அப்ப நீ டீ ஆத்திக் குடுத்துக் காப்பாத்துவியா?"

முனுசாமி சிரித்துவிட்டான்.

"நீ இன்னாத்துக்குப் பல்லக் காட்டற? இன்னொரு மாட்டையும் லாரியில ஏத்தணுமா? போயி செவலயப் புடி, ஊசி போட வர நேரமாச்சி."

அவன் செவலையின் கயிற்றைப் பிடிக்கப் போனான். நான் பாக்கெட் பாலில் கடை ஓட்டினேன்.

கெடு தீர்ந்த அன்று அக்கா நாலு காம்பையும் தனித்தனியாகக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தார். ஒரு திரி இல்லை. அப்போதும் தரவில்லை. மருந்து தங்கின பால் சரியாக உறையாதாம். ஒரு கிண்ணம் காய்ச்சி, மோர் விட்டு மூடிவைத்தார்.

மறுநாள் காலை என் கண்ணெதிரே கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தயிர் அசையவில்லை.

"கேன் எட்தாந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

கேன் என் கையில்தான் இருந்தது.