கண்ணாடியைக் கழற்றுகிற இடம்

அவளுக்கு வேலை, பெரிய ஆட்கள் மேடையில் பேசுவதைப் பார்த்து மார்க் போடுவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். முதலாளி, மேலாளர், சங்கத் தலைவர் என்று மைக்கைப் பிடிக்கிற எவரையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பாள். கண் எங்கே மேய்கிறது, கை என்ன சேட்டை செய்கிறது, குரல் எந்த இடத்தில் கம்முகிறது, ஒன்றையும் விடமாட்டாள். அப்புறம் தனியறையில் உட்காரவைத்துத் திருத்துவாள். வாயைத் திறந்தாலே கொட்டாவி வரவழைக்கிற எத்தனையோ பேரைத் தேற்றிவிட்ட புண்ணியவதி.

வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கணவர் சாப்பிடக் கூப்பிட்டால், "குரலே எழும்பலையே, மறுபடி சொல்லுங்க" என்பாள்.

"டீச்சரம்மா, சோறு ஆறினா எனக்கு மார்க் குறைக்கக் கூடாது" என்பார் அவர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவர்.

அந்தத் தொழிற்சாலை முதலாளியே ஒருநாள் இவளிடம் பயிற்சிக்கு வந்தார். "கெட்ட சேதி சொல்லணும்னா எப்படிம்மா சொல்றது?" என்றார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதானே, என்ன சேதி என்று இவளும் கேட்கவில்லை.

"முதல்ல கண்ணாடியைக் கழட்டுங்க சார். யாராவது ஒருத்தர் முகத்தைப் பாருங்க. பேச்சு வராத மாதிரி கொஞ்சம் நில்லுங்க. அப்புறம் ஆரம்பிங்க."

மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார். பத்துக்கு ஒன்பது போட்டாள்.

அடுத்த வாரம் கணவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க பிரிவை மூடறாங்க. மாசக் கடைசியோட அத்தனை பேரும் வீட்டுக்கு."

"ஐயோ! நீங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்கறது? பாவம், முதலாளியே உடைஞ்சு போயிட்டார். கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பார்த்தார். பேச்சே வரலை அவருக்கு. நாளைக்கழிச்சு எல்லாரும் வேலையை விட சம்மதம்னு கையெழுத்துப் போடறோம்."

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்த ஆறுதலாவது மிஞ்சும், இவளுக்குப் பிழைப்பு மிஞ்சும். மனசு கேட்டால்தானே?

"அது நான் சொல்லிக் கொடுத்ததுங்க."

"எது?"

"கண்ணாடி, பார்வை, பேச்சு வராம நிக்கறது. எல்லாமே." வெட்கத்தில் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு, "கம்பெனியோட பக்கத்துக் கட்டடத்துக்குப் புது ஆளுங்களை எடுக்கறாங்க. எங்களை ஏன் எடுக்கலைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் முகத்தைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன்" என்றார்.

கையெழுத்துக் கூட்டத்தில் முதலாளிக்கு மார்க் போட அவளைத்தான் அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதலாளி முடித்ததும் கணவர் எழுந்தார். தப்பென்று எதையெல்லாம் சொல்லிக் கொடுப்பாளோ, அத்தனையும் செய்தார். கை பாக்கெட்டுக்குள், கண் தரையில், குரல் தொண்டைக்குள். ஆனாலும் தட்டுத் தடுமாறி, அன்றைக்கு முழுங்கிய கேள்வியைக் கேட்டுவிட்டார்.

முதலாளியின் கை மெல்லக் கண்ணாடிக்குப் போனது.

"வேணாம் சார்" என்றார் கணவர். "போட்டுக்கிட்டே சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி கடைசி வரிசையைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவர் கை கண்ணாடியை விட்டு இறங்கியது. இந்த இடத்துக்கு அவள் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதற்குள் ஆளாளுக்கு எழுந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. பாதிப் பேரைப் பக்கத்துக் கட்டடத்தில் எடுத்துக்கொண்டார்கள், கணவரையும் சேர்த்து. அவளை மட்டும் அந்தக் கம்பெனி அப்புறம் கூப்பிடவே இல்லை. சொல்லிக் கொடுத்ததை வீட்டில் போட்டுக்கொடுத்தவள் என்று சேதி பரவி, மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக நழுவின.

அந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்: "எனக்கு எத்தனை மார்க், டீச்சரம்மா?"

"நாலு."

"அடிப்பாவி! அவருக்கு ஒன்பது, எனக்கு நாலா?"

"பாக்கெட்லேருந்து கையை எடுத்திருந்தா அஞ்சு போட்டிருப்பேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.