எல்லாருக்கும் சம்மதம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பழக்கம். கூட்டத்தில் தலைவர் எதையாவது படித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். யாராவது ஒருவர் "சம்மதம்" என்றால் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

பல வருஷமாக அந்தக் குரல் தையல்காரியுடையது. மெஷினில் துணி காத்திருக்கும். என்ன பேச்சென்றுகூடக் காதில் வாங்காமல் கத்திவிட்டு, முதல் ஆளாக எழுந்து போவாள். அப்படித்தான் மொட்டைமாடிக்குப் பூட்டு விழுந்தது. பிள்ளைகள் விளையாடிய முற்றத்தில் கார்கள் நின்றன.

பிறகு அவள் புருஷனைப் பக்கவாதம் சாய்த்தது. வாசல் படியோரம் இருந்த சிமெண்டுச் சரிவுதான் அவளுக்குக் கதி. அதன் வழியே அவருடைய சக்கர நாற்காலியைத் தெருவுக்கு உருட்டுவாள். முகத்தில் வெயில் பட்டதும் பேச்சிழந்த அந்த வாய் கோணலாகச் சிரிக்கும்.

அன்று தலைவர் படித்தார். சரிவை இடித்து இன்னொரு காருக்கு இடம். "எல்லாருக்கும் சம்மதம்தானே?"

அவள் பதறி எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து வந்தது, "சம்மதம்!"

மேல்மாடி நாத்தனார். நாற்காலியில் கிடப்பவரின் கூடப்பிறந்த தங்கை!

"அடிப்பாவி! எதுக்குச் சம்மதம்னு தெரியுமாடி உனக்கு?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? அடுப்புல பாலை வச்சிட்டு வந்திருக்கேன். எப்பவும் நீங்க சொல்றதைத்தானே சொன்னேன்?"

யாரோ சிரித்தார்கள். "முடிஞ்சுபோன விஷயம்மா" என்றபடி தலைவர் எழுந்தார்.

மறுநாள் கொத்தனார் கடப்பாரையோடு வந்தபோது, சரிவின் நடுவே சக்கர நாற்காலி நின்றது. பக்கத்தில் அவள்.

"தள்ளிக்கம்மா. எல்லாரும் ஒத்துக்கிட்டதாச் சொன்னாங்களே?"

"நான் ஒத்துக்கலை. என்னை விட்டுட்டு என்னய்யா எல்லாரும்?" அண்ணாந்து கத்தினாள். "இறங்கி வாங்க! இந்த மூஞ்சியைப் பாத்து ஒருதரம் சம்மதம்னு சொல்லுங்க. நானே இடிக்கிறேன்!"

காலைக் காபியோடு நாட்டையே கிழித்துத் தொங்கவிடும் வீரர்கள் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள். தலைவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நழுவினார்.

கொத்தனார் காத்துப் பார்த்தார். "சொல்றதுக்கு ஒரு ஆள் இறங்கி வரட்டும். அப்புறம் கூப்பிடச் சொல்லும்மா." கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "இன்னும் கோவமா அண்ணி?"

"பால் பொங்கிடலையே?"

"இல்ல அண்ணி."

"அப்ப போய்க் குடி."

அவளை இடித்துக்கொண்டு நாற்காலியை வெளியே உருட்டினாள் தையல்காரி. தங்கையைப் பார்த்துப் புருஷன் சிரிக்க முயன்றார். அவர் முகத்தை வெயில் பக்கம் திருப்பிவிட்டாள்.