ஆறின பிறகுதான் காற்று

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்பது, பாதிக்குப் பாதி காற்று விற்கிற தொழில். முளைவிட்ட பார்லியை, அதாவது மோல்ற்றை, அவித்து எடுக்கிற இனிப்புச் சாற்றுக்குள், அதை நொதிக்கவைக்கிற ஈஸ்ற்றைப் போடுவதற்கு முன் நிறையக் காற்று ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ற் சோம்பிக் கிடக்கும். அதற்கு வேண்டியது மீன்தொட்டிக்கு வைக்கிற அதே சின்னப் பம்ப், அதே ரியூப், நுனியில் காற்றைச் சின்னக் குமிழிகளாக உடைக்கிற அதே நுரைக்கல். எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் மோல்ற்றும் இருந்தது அதனால்தான்.

கடையில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதவு மணி அடித்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். என்னைப் போன்றவர்கள் பின்னறைக்குள் ஓடிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். டெனிஷும் ஆறு மாதம் படித்திருந்தேன். ஆனால் முன்பின் தெரியாதவரோடு கதைக்க எந்த மொழியிலும் எனக்கு வராது. கடை முதலாளி பிர்த ஐம்பது வயதுப் பெண்மணி. மூன்று மாதம் பார்ப்பேன், அதற்குள் முன்மேசையில் நின்று ஆட்களோடு கதைக்கப் பழகாவிட்டால் வைத்திருக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு முன்பே இங்கு வந்திருந்த அண்ணனோ, தான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் எனக்கும் ஒரு மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு மெஷின் வேண்டாம், கடைதான் வேண்டும் என்பது பிர்தவுக்கும் தெரியும்.

கழுவின கை

முதல் வாரம் பின்னறையில் ஒளிந்துகொண்டு நுரைக்கல் கழுவினேன். கொதிநீரில் அவித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்குவேன். இரண்டு நாளில் கற்கள் முழுவதும் பழுது. மணல் போலச் சின்னக் குமிழிகள் வரவேண்டிய இடத்தில், ஒரு பக்கத்தால் மட்டும் பெரிய குமிழியாக முக்கி முக்கி வந்தது.

பிர்த ஒரு கல்லைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். கடைசியாக என் பின்னலைப் பார்த்தார். காலையில் தலைக்கு வைத்த எண்ணெய் எத்தனை தரம் சோப் போட்டாலும் விரலை விட்டுப் போகாமல், கல்லின் நுண்துளைகளை அடைத்திருந்தது. அவர் ஏசவில்லை. ஒரு கிடுக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பின்னல் அழகாயிருக்கு, அதை விட்டுவிடாதே. கல்லைத்தான் கையால் தொடாதே."

கீழே இருந்த பம்ப்

ஒரு பெண் தன் கணவனின் பம்ப் ஓடவில்லை என்று கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே பிசுபிசு என்று சாறு. வாளியை மேசையிலும் பம்ப்பை நிலத்திலும் வைத்திருக்கிறார்கள். பம்ப்பை நிறுத்தியதும் சாறு ரியூப் வழியாக இறங்கி உள்ளே போய்விட்டது. பம்ப் எப்போதும் வாளியைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லவேண்டியவள் நான். சொல்ல வாய் வராமல், பம்ப்பைத் தூக்கி மேல்தட்டில் வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"என் கணவனும் இப்படித்தான். நிமிர்ந்து நிற்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை."

மீனுக்கு

நான் பியர்க் கடையில் வேலை என்று அண்ணன் ஒருவருக்கும் சொல்லவில்லை. மீன்தொட்டிக் கடை என்றுதான் ஊருக்குள் கதை. ஒரு நாள் மணி அடித்தது. எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஒழுக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசுகிற அண்ணை ஒருவர் உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் கால் பின்னுக்கு இழுத்தது. ஆனாலும் சமாளித்து, மீனுக்கு ஒரு பம்ப் வேண்டும் என்றார். தொட்டி எத்தனை லீற்றர் என்று கேட்டேன். இருபத்தைந்து என்றார். என்ன மீன் என்று கேட்டேன். மீன்தொட்டிகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மீன் இனித்தான் வாங்கவேண்டும் என்றார். பம்ப்போடு இரண்டு பை மோல்ற்றையும் ஈஸ்ற்றையும் மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, நீ என்னைக் காணேல்லை. நானும் உன்னைக் காணேல்லை."

தேத்தண்ணி ஆத்துறது

இரண்டாம் மாதம் பிர்த வெளியே போயிருந்த நேரத்தில் ஸ்வென் வந்தார். தச்சுவேலை செய்கிறவர். தன் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குத் தானே பியர் காய்ச்சப்போவதாகச் சொன்னார். அவருடைய பம்ப்பின் உள்றப்பர் கிழிந்திருந்தது. புது றப்பர் வர ஒரு கிழமை ஆகும். அவருக்கோ காய்ச்ச லீவு அடுத்த நாள் மட்டும்தான். பம்ப் இல்லாமல் காற்று ஏற்ற வழி இல்லையா என்று கேட்டார்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. இரண்டு பெரிய கோப்பைகளை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். அடுப்பால் இறக்கியதும் சுடச்சுட இப்படி மாறி மாறி ஊற்றினால் சூடும் ஆறும், காற்றும் ஏறும் என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தடவை ஒரு வாடிக்கையாளருக்கு யோசனை சொன்னதில் எனக்கே பெருமை. தேத்தண்ணி ஆத்துகிற முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

"உங்கள் நாட்டில் இப்படித்தான் பியர் காய்ச்சுவீர்களா? கெட்டிக்காரர்கள்தான்."

ஈர மட்டை

அடுத்த கிழமை சாப்பாட்டு நேரத்தில் பியர் காய்ச்சுவது பற்றிய பிர்தவின் புத்தகத்தைப் புரட்டியவள், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். சாறு சுடும்போது காற்றுப் பட்டால் பழுதாகும், ஆறிய பிறகே காற்று ஏற்றவேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சூடான நீரில் வாயு நன்றாகக் கரையாது என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினவள் நான்.

காய்ச்சி மூன்று கிழமை கழித்து ஸ்வென் ஒரு போத்தலோடு வந்தார். கல்யாண நாளுக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. ஈரமான காட்போட் மட்டையைச் சப்பின மாதிரி இருக்கிறது, மோல்ற் பழசு என்றார். பிர்த சாக்குக்குள் கையை விட்டு மணந்து பார்த்துவிட்டு, மோல்ற் அனுப்பினவர்களுக்குக் கடிதம் எழுதப் பேனையை எடுத்தார். நான் பேசாமல் நின்றால் பழி அவர்கள்மேல் போகும், நான் தப்பிவிடுவேன். மூன்று மாதம் முடிய ஐந்து கிழமைதான் இருந்தது. மோல்ற்றில் பிழையில்லை, சுடச்சுட ஊற்றச் சொன்னது நான்தான், அது தேத்தண்ணிக்குச் செய்கிற முறை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். ஸ்வென் வாயைப் பிளந்தார். பிர்த பேனையை மூடினார். இன்றைக்கே இங்கே புதிதாகக் காய்ச்சிக் கொடு, விருந்து முடிந்த பிறகு உன் வேலையைப் பற்றி முடிவெடுப்போம் என்றார். பிறகு ஸ்வென்னின் பக்கம் திரும்பினார்.

"இவள் இந்தக் கடையில் இவ்வளவு நீளமாகப் பேசினது இதுதான் முதல்தடவை."

காலைப் பாட்டு

அன்று சாற்றை அவித்து, பாத்திரத்தைப் பின்முற்றத்துப் பனிக்குள் புதைத்து, கை வைத்தால் குளிரும்வரை காத்திருந்தேன். பம்ப்பை மேல்தட்டில் வைத்தேன். ரியூப்பின் நடுவில் காற்றை வடிக்கிற பஞ்சு நனையாமல் பார்த்துக்கொண்டேன். அவித்த கல்லைக் கிடுக்கியால் இறக்கினேன். அரை மணி நேரம் நுரை வாளியின் விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது. பிறகு ஈஸ்ற்றைப் போட்டு மூடினேன். அடுத்த நாள் காலையில் ஒரு அசைவும் இல்லை. பின்னேரம் ஈஸ்ற் விழித்து மூடியின் குழாயில் முதல் குமிழி வந்தபோது, நான் மோல்ற் சாக்கின்மேல் அப்படியே இருந்துவிட்டேன்.

விருந்துக்கு அடுத்த சனிக்கிழமை, கடை மூடுகிற நேரம் ஸ்வென் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்யாண நாளன்று விடியற்காலையில் அயலவர்கள் வாசலில் இலை வளைவு கட்டிப் பாடுவது இங்கே வழக்கம். பாடினவர்களுக்குக் காலைச்சாப்பாடும் கொடுக்கவேண்டும். சாப்பாட்டோடு என் பியரிலும் கொஞ்சம் கொடுத்தாராம். அவர்கள் எழும்பவில்லையாம். ஒன்பது மணிக்குள் அத்தனை போத்தலும் காலி.

"இரவு வந்த சொந்தக்காரருக்குக் கடைப் பியர்தான். அவர்கள் எல்லாருக்கும் உன்மேல் கோபம்."

பிர்த சிரிக்கவில்லை. கல்லாவைப் பூட்டிக்கொண்டே, திங்கட்கிழமை தனக்குப் பல்வைத்தியரிடம் போகவேண்டியிருக்கிறது என்றார்.

"கடையை நீயே திற. தையல் மெஷினை வேறு யாருக்காவது கொடுக்கும்படி உன் அண்ணனிடம் சொல்லு."

வாய் திறக்கத் தெரியாத என்னைக் கடைக்காரியாக்கியது, நான் இன்றுவரை நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்காத சாமான்.