ஐஸ் மண்டபத்தில் ஜூலை மாதத்துக் கோடை

வாடகைக்குச் சப்பாத்து கொடுக்கிற வேலையில் முதலில் பழுதாகிறது மூக்கு, பிறகுதான் இடுப்பு. லோன்றியிலும் ஆஸ்பத்திரிக் குசினியிலும் நீச்சல் தடாகத்திலும் பிறத்தியாரின் ஈரத்தோடு காலம் தள்ளிய உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது என் மனுசன் இவருக்கு மங்கரே விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஏவன்டேலில் ஒரு ஐஸ் சறுக்கு மண்டபம். படிப்பு எனக்குக் கொஞ்சம்தான், ஆனால் காது நல்ல காது. கவுண்டருக்குப் பின்னால் நின்று சப்பாத்தை நீட்டுவேன், திரும்பி வந்தால் துடைப்பேன். சின்னன் பெரிசு எல்லாரும் என்னை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அது வழக்கம்.

பதாகையில் வெயில்

ஒரு ஜூலை மாதம் கனடாவிலிருந்து மார்செல் என்று ஒரு கோச் வந்து இறங்கினார். அங்கே சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடுகிற பெரிய கழகம் ஒன்றின் ஆள். எங்கள் ஊரில் பதினெட்டு, பத்தொன்பது வயதுக் கெட்டிக்காரப் பெடியளாகப் பொறுக்கியெடுத்து இரண்டு கிழமை பழக்குவார். முடிவில் ஒருவனை, ஒரே ஒருவனை, கழகத்தின் சொந்த முகாமுக்குக் கனடா கூட்டிப்போவார். ஹொக்கி என்றால் புல்லில் ஆடுகிறது என்று நினைத்த நாடு அது. ஐஸில் ஆடுகிற பெடியளை அதுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. மண்டபமே துள்ளியது!

மார்செல் கையோடு ஒரு பதாகை கொண்டுவந்திருந்தார். மஞ்சள் சூரியனும், கனடாக் கழகத்தின் பேரும், "கோடைகால முகாம்" என்ற எழுத்தும். வெளியே எங்களுக்கு நடுக் குளிர்காலம், மழை சரிவாக அடிக்கிறது. ஐஸை வழித்து மினுக்குகிற வண்டியை ஓட்டும் முனியாண்டி அண்ணன்தான் ஏணியில் ஏறிக் கட்டினார். மலேசியாவில் ஈப்போக்காரர். "அக்கா, அவங்க ஊருல இப்ப கோடை. அங்கயே அடிச்சிக் கொண்டாந்துட்டாங்க லா. சூரியன நேராக் கட்டவா, சாச்சுக் கட்டவா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, பேரப்பிள்ளைக்குச் சப்பாத்து எடுக்க ஒரு வெள்ளைக்கார அம்மா நனைந்த குடையோடு வந்தா. பதாகையைப் பார்த்தா. நான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு சுவெற்றரையும் பார்த்தா. பிறகு சொன்னா: "கோடையே இப்படி எண்டால், இந்தக் கனடாக்காரர் குளிர்காலத்துக்கு எங்கை போய் ஒளிக்கிறவை?"

கண்ணில் ஒற்றினது

வந்த பெடியளில் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவன் தாமா. மங்கரேயிலிருந்து வருகிற மாவோரிப் பெடியன், கோல் காக்கிறவன். சும்மா நின்றாலே வாசல் அடைபடும். மற்றவன் கிரெக். ஒல்லி, காற்று மாதிரி ஓடுவான், கோல் அடிக்கிறது அவன் வேலை. இரண்டு பேரும் சின்ன வயதுச் சிநேகிதர். இவன் அடிக்க அவன் மறிக்க, அப்படியே வளர்ந்தவர்கள். கனடாவுக்குப் போகிறது இவர்களில் ஒருவன்தான் என்று முதல் நாளே மண்டபம் முழுக்கக் கதை வந்துவிட்டது. அவர்களுக்கும் அது தெரியும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தாமாவின் மட்டை நிலத்தில் கிடந்தது தெரியாமல் என் கால் பட்டுவிட்டது. நான் என்ன செய்வேன்? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். தாமா பார்த்துக்கொண்டு நின்றான். "என்ன ஆன்ட்டி அது?" என்றான். "ஒருத்தன் பிழைக்கிற சாமானிலை கால் படக்கூடாது மோனை, பட்டால் மன்னிப்புக் கேக்கிறது" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தானும் குனிந்து மட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு அவனைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகவில்லை.

சகுனம் பார்க்கிற விளையாட்டுக்காரருக்கு இது காணாதா? அடுத்த நாள் காலை ஐஸில் இறங்க முதல் கிரெக் உட்பட அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து, மட்டையைத் தொட்டு, கண்ணில் ஒற்றினார்கள். மார்செல் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கவுண்டருக்கு நேரே வந்தார். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டார்: "அம்மா, இந்தப் பயிற்சியால எந்தத் தசை பலப்படும்?"

சாம்பிராணி

என் கவுண்டருக்குப் பின்னால் ஒரு அறை. பெடியள் ஆடி முடிந்ததும் கவசம், கையுறை, முழங்கால் பட்டி எல்லாவற்றையும் அங்கேதான் தொங்கவிடுவார்கள். அந்த மணத்தைப் பற்றி எழுதினால் இந்தத் தாளும் மணக்கும். ஜூலை மழையில் ஒன்றும் காயாது. தாமாவின் கால் கவசம் இரண்டும் தலையணை அளவு. அவை குடித்த வியர்வை அடுத்த நாளும் அப்படியே இருக்கும். ஈரக் கவசம் பாரம், பாரமானால் கால் எழும்பாது என்று பெடியன் முறைப்பட்டான். பொறுத்துப் பார்த்தேன். ஊரில் தலை முழுகினால் ஈரத் தலைமயிருக்கு என்ன செய்கிறோம்? பிள்ளை பெற்ற வீட்டில் என்ன செய்கிறோம்? அதைத்தான் செய்தேன். பழைய பிஸ்கட் தகரத்தில் இறைச்சி வாட்டுகிற கரியைத் தணலாக்கி, பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்த சாம்பிராணியை அள்ளிப் போட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கதவுக்குக் கீழால் புகை வந்தது. பிறகு மேலாலும் வந்தது. பிறகு நெருப்பு மணி அடித்தது பாருங்கள்! வருங்கால வீரர் அத்தனை பேரும் காலில் கத்திச் சப்பாத்தோடு வாத்துப் போல வெளியே ஓடி மழைக்குள் நின்றார்கள். முனியாண்டி அண்ணன் வண்டியை விட்டுக் குதித்து, "அக்கா, கோயிலக் கொண்டாந்து உள்ள வச்சிட்டியா?" என்று கத்தினார். மார்செல் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்து, சின்ன வயதில் தன்னுடைய ஊர்ச் சேர்ச்சில் பூசைக்குத் தூபம் ஆட்டியதாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவப்பு லொறியில் தீயணைப்பு ஆட்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் பெரிய மீசைக்காரர். கோடரியோடு உள்ளே போனவர், தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, மண்டபத்தைப் பார்த்து, இன்னொருதரம் மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ரை பெடியனும் இங்கைதான் விளையாடுறவன் அம்மா, இந்தக் கட்டடம் நல்லா மணந்ததை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

மங்கரேயில் பறந்த பெட்டி

பெடியளை இரண்டாகப் பிரித்து, தாமா ஒரு பக்கம், கிரெக் மறுபக்கமாகக் கடைசி ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம் என்று மார்செல் அறிவித்தார். தாமாவின் முகம் விழுந்துவிட்டது. ஏனென்றால் அவனுக்குச் சனிக்கிழமை பின்னேரம் வேலை. அவன் வேலை செய்ததும் எங்கடை இவர் வேலை செய்த அதே சாமான் கொட்டகையில்தான். மேற்பார்வையாளர் ஒரு சமோவாக்காரர். ஆள் தங்கம், ஆனால் லீவு என்று வாயைத் திறந்தால் கல்லு. ஏற்கெனவே இரண்டு கிழமையாகப் பெடியனுக்குக் காலை வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டார். இனிமேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

நான் இவரை விடவில்லை. "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருக்காக் கேளுங்கோவன்." இவர் சோற்றைப் பிசைந்தபடி, "பந்தும் இல்லாத விளையாட்டு. ஒரு கறுப்பு ரப்பர் வட்டுக்குப் பின்னாலை ஓடுறாங்கள். அதுக்கு நான் போய் அந்த மனுசனிட்டை வாங்கிக் கட்டுறதோ?" என்றார். கேட்க மாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்ற முதலே கதையைத் தொடங்கினார். கேட்டாராம். தாமாவின் வேலையைத் தானும் இன்னும் இரண்டு பேரும் பங்குபோட்டுச் செய்வதாகச் சொன்னாராம். சமோவாக்காரர் பக்கத்தில் கிடந்த பெட்டி ஒன்றைத் தூக்கி, முன்னறிவித்தல் இல்லாமல், தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தாமாவை நோக்கி "ஏய்!" என்று வீசினாராம். பெடியன் திரும்பின கையோடு பிடித்து, தட்டில் அடுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் வேலையைப் பார்த்தானாம். மேற்பார்வையாளர் இவரைப் பார்த்துச் சொன்னாராம்: "நான் எறிஞ்சது ஒண்டும் இதுவரை கீழை விழேல்லை, போய்ப் பாக்கட்டும், கனடாக்காரன் என்னைவிடப் பலமா எறியிறானோ எண்டு."

காதால் பார்த்த ஆட்டம்

சனிக்கிழமை நிற்க இடமில்லை. தாமாவின் தாய், மாமன், மச்சான் என்று ஒரு பஸ் சனம். கிரெக் வீட்டுக்காரர் மேளம் ஒன்றோடு. நான் மட்டும் கவுண்டரில். ஆட்டம் முடிந்ததும் பொதுச் சறுக்கு. அதற்கு ஒரு பிறந்தநாள் கூட்டம் முந்தியே வந்து, "பச்சை நாடா வேணும், மஞ்சள் நாடா வேணாம்" என்று என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு சுவர். ஆனால் எனக்குச் சத்தம் போதும். வட்டு தாமாவின் கவசத்தில் பட்டால் தலையணையை அடித்த மாதிரி "தொப்". பலகையில் பட்டால் "படார்". வலைக்குள் போனால் சத்தமே இல்லை, சனம்தான் கத்தும்.

தொப், தொப், படார், தொப்! ஒரு பிள்ளைக்கு இரண்டு இடக்கால் சப்பாத்தைக் கொடுத்துவிட்டேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மார்செலுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஒலிபெருக்கியில் சொல்கிறார்: மற்ற எல்லாரும் விலகட்டும், கிரெக் தனியே வரட்டும், தாமா தனியே நிற்கட்டும், மூன்று தரம். யார் அதிக தரம் வெல்கிறானோ அவனுக்குத்தான் கனடா. பிறந்தநாள் பிள்ளையின் தாய்கூட நாடாவை மறந்துவிட்டா.

முதலாவது: சத்தமில்லை, உடனே மேளம். கிரெக் அடித்துவிட்டான். இரண்டாவது: தொப்! பஸ் சனம் கூரையைக் கிளப்பியது. மூன்றாவது: "டங்!" கோல் கம்பம். அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. மேளமும் இல்லை, கத்தலும் இல்லை. என் காதுக்கு இது புதுசு. முனியாண்டி அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "சொல்லுங்கோ அண்ணை!" என்று கவுண்டரில் அடித்தேன். "கம்பத்துல பட்டுச்சு... அவன் முதுகுல பட்டுக் கீழ விழுந்துச்சு... தாமா அது மேலயே குந்திட்டான் அக்கா! கோல் கோட்டுக்கு உள்ளயா வெளியயா, ஒருத்தனுக்கும் தெரியல!"

நான் சப்பாத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வேலை போனால் போகட்டும். கோல் வாசலில் தாமா முட்டையில் குந்திய கோழி மாதிரி அசையாமல் இருக்கிறான். மார்செல் மெல்ல அவனை ஒரு பக்கம் தூக்க, கிட்ட நின்றது கிரெக் மட்டும். அசையும்போது வட்டும் அசைந்துவிட்டது. இனிக் கோட்டைப் பார்த்துப் பிரயோசனமில்லை. மார்செல் நிமிர்ந்து கிரெக்கின் முகத்தைப் பார்த்தார். "நீதான் பார்த்தாய். கடந்ததா?"

கிரெக் தன்னுடைய வீட்டுக்காரர் நின்ற பக்கம் பார்க்கவில்லை. தாமாவையும் பார்க்கவில்லை. ஐஸைப் பார்த்து, "இல்லை" என்றான். "கடக்கயில்லை. அவன் மறிச்சிட்டான்."

பிறகு நடந்த சத்தத்தை எழுத எனக்கு எழுத்துக் காணாது. தாமாவின் தாய் வேலியால் ஏறி ஐஸில் குதித்து வழுக்கி, மகனின் காலடிவரை குந்தியிருந்தபடியே போய்ச் சேர்ந்தா. முனியாண்டி அண்ணன் வண்டியின் ஹோர்னை விடாமல் அமத்தினார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தொண்டை மட்டும் அடுத்த கிழமைதான் திரும்பி வந்தது.

எல்லாம் ஓய்ந்து நான் கவுண்டருக்குத் திரும்ப, கிரெக் வந்து நின்றான். அழுதிருக்கிறான், முகம் கழுவியிருக்கிறான். கழற்றின சப்பாத்தை என் முன்னால் வைத்தான். நான் அவனுடைய கையைப் பிடித்தேன். வெளி வாசலில் தாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "அவன் போனால் இனி எனக்குக் கோல் அடிக்கிறது லேசாப் போயிடும் ஆன்ட்டி, பிறகு என்னத்துக்கு விளையாடுறது?"

கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எங்களுக்கு எந்தப் பெரிய ஆட்டமும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நடக்கும், ஆனால் வென்றவனும் தோற்றவனும் ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைக்க எங்களிடம்தான் வரவேண்டும்.