காவிக்கு அடியில்

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு ஐந்து வயது. சளிக்காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து, அவள் முழங்காலுக்குக் கீழே கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அரிப்பில்லை, வலியில்லை. நான்தான் அக்கி என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அப்போது.

அக்கி என்றால் எங்கள் பக்கம் டாக்டரிடம் போவதில்லை. பானை செய்பவரிடம் போய் எழுதிக்கொள்வோம். அவர் காவிமண்ணைக் குழைத்து, கோழி இறகால் இரண்டு காலிலும் பூசிவிட்டார்.

"மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாதுங்க" என்றார்.

காய்ந்த காவி தோலைப் பிடித்து இழுக்கும். "காலு இழுக்குதுங்கம்மா, கழுவிக்கட்டுங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கழுவுனீன்னா தோலை உரிச்சுப்போடுவேன்" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது.

மூன்றாம் நாள் காலையில் ஈறில் ரத்தம் கசிந்தது. தலை வலிக்கிறது என்றாள். பஸ் பிடித்துச் சேலத்துக்கு ஓடினோம். டாக்டர் ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்தார். கணுக்கால் முதல் முழங்கால் வரை இடைவெளியில்லாமல் புள்ளிகள், நடுநடுவே நாவற்பழ நிறத்தில் கன்றிய திட்டுகள். விரலால் அழுத்திப் பார்த்தார். நிறம் மறையவில்லை.

"இது அக்கி இல்லம்மா. தோலுக்கு அடியில ரத்தம் கசியுது. இவ்வளவும் என்னைக்கு வந்துச்சு?"

பார்க்க முடியாதபடி நானே மூடி வைத்திருந்தேன்.

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை அவள் உடம்பே அழித்துக்கொண்டிருக்கிறது என்றார். பரிசோதித்தபோது அவை ஏறக்குறைய இல்லை. ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் தலைக்குள் ரத்தம் கசிந்து, அவள் போய்விட்டாள்.

"பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாவே சரியாயிடும். நீங்க முன்னாடியே வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா? இத்தனை வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. பொங்கலுக்கு ஊரே சுவரில் காவிப்பட்டை அடிக்கும். எங்கள் வீட்டில் அடிப்பதில்லை.

அவள் போன அன்று கால்விரல் இடுக்குகளில் மட்டும் காவி மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து நானே கழுவிவிட்டேன். இப்போதும் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அந்தக் குரல் கேட்கிறது.

"கழுவிக்கட்டுங்களாம்மா?"

"கழுவிக்க சாமி" என்று வாய்விட்டே சொல்கிறேன்.