டேவிட் வீட்டுச் சிவப்புக் கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சிட்லபாக்கத்தில் குடியிருந்தேன். நிறம் நிறமான படிகக் கற்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அதே கிறுக்குள்ள என் அலுவலக நண்பர் டேவிட், கிழக்குத் தாம்பரத்தில் இருந்தார். அவரிடம் மாதுளை முத்துப்போல் சிவந்த படிகம் ஒன்று இருந்தது. அதை மட்டும் கறுப்புத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருப்பார். ஒரு நிமிடம் காட்டிவிட்டு மூடிவிடுவார். எனக்கு வயிறு எரியும். அதைப் பார்த்த பிறகு என் கற்களெல்லாம் வெறும் சரளையாகத் தெரிந்தன.

ஒரு ஞாயிறன்று அவர் காபி எடுத்துவர உள்ளே போனபோது, கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் துணியைச் சுருட்டி பீரோவில் வைத்துவிட்டேன்.

வீட்டில் ஜன்னலோரம் வெயிலில் வைத்து தினமும் ரசித்தேன். இரண்டு மாதத்தில் கல் மங்கி, மஞ்சள் தூளாக உதிரத் தொடங்கியது. ஒரு மாலை வீட்டுக்கு வந்தால், என் இரண்டு வயது மகளின் விரலெல்லாம் அந்தக் கல்லின் தூள்.

அது என்ன கல்லோ என்று பதறிப்போய் அவள் கையைக் கழுவி, தூக்கிக்கொண்டு டேவிட்டிடம் ஓடினேன். திருடியதைச் சொன்னேன்.

"ஐயோ, அது மனோசிலை சார், ஆர்சனிக் இருக்கற கல்லு, விஷம்! வெளிச்சம் பட்டா தூளாயிடும்னுதான் மூடி வெச்சிருந்தேன். கொழந்தை வாயில வெச்சாளா? மொதல்ல அதைச் சொல்லுங்க!" என்றபடியே ஸ்கூட்டரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேவிட் இரண்டு நாளும் எங்களுடனேயே இருந்தார்.

பொறாமை இன்றும் வருகிறது, மறைக்கமாட்டேன். ஆனால் யார் புதுக் கல்லைக் காட்டினாலும், இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன்.