டார்ச் அடித்து வாங்கிய ஊசி

இன்று நாலு மணிக்கு இன்டர்வியூ. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ் நெரிசலில் சட்டைப் பட்டன் தெறித்துவிட்டது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தையல் சாமான் கடையில் ஊசியும் நூலும் கேட்டேன்.

கடைக்காரர் ஊசியை எடுத்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. வாசல் லைட் எரிந்தது. வெளிச்சம் குறைந்தால் தானாக எரியும் சென்சார் லைட்.

அவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். ஊசியைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"விளக்கு வச்ச பிறகு ஊசி கொடுக்கிறது இல்லைங்க. நூல் மட்டும் எடுத்துக்கங்க."

"அண்ணே, மணி மூணுதாங்க ஆகுது."

"அதான் லைட் எரியுதே."

இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை. வெளியே போய், செல்போன் டார்ச்சை சென்சாருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்தது.

"இப்ப விடிஞ்சிருச்சுங்களா அண்ணே?"

அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துக் கொடுத்தார்.

"முதல் போணி நீங்கதான். பேரம் பேசாம எடுத்துக்கங்க."

வாசலிலேயே நின்று பட்டனைத் தைத்து முடிப்பதற்குள் மறுபடியும் லைட் எரிந்தது. உள்ளே அவர் மறுபடியும் கும்பிட்டார்.

உங்கள் தெருவில் இன்று எத்தனை முறை விடிந்தது?